வண்டிக்கு ஆளைத் தெரியாது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் பொடி எழுத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய மைத்துனர் மகன் சென்னையிலிருந்து ஸ்போர்ட்ஸ் காரில் கல்யாணத்துக்கு வந்திருக்கிறான். மண்டப வாசலில் பச்சை ஜாக்கெட் போட்ட பையன் டோக்கனைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டானாம். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், வண்டியின் முன்தாடை பெயர்ந்து தொங்குகிறது. கேட்டதற்கு மேனேஜர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாராம்: வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. 'அப்படி என்ன அப்பளத்தில் செய்த வண்டியா அது? தப்பு பையன் மேலா, மண்டபத்தின் மேலா, என் மருமகன் மேலா?' என்று கேட்கிறார்.

அப்பளக் கேள்விக்கு ஒரு ஸ்கேல் போதும். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 165 முதல் 180 மில்லிமீட்டர் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இது பெரும்பாலும் 110 முதல் 130தான். தாழ இருந்தால்தான் வேகத்தில் திரும்பும்போது சாயாது, காற்றும் அடியில் புகுந்து தூக்காது. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று மெதுவாக ஏறி இறங்கும்படி இருக்க வேண்டும் என்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கான கணக்கு அது. கடிதம் வந்த அன்றே எங்கள் தெருமுனை மேட்டைப் போய் அளந்தேன். உயரம் 16 சென்டிமீட்டர், அகலம் ஒரு முழத்துக்குச் சற்று மேல். போட்டவர்கள் அதைச் சாலையாக நினைக்கவில்லை, வரப்பாக நினைத்திருக்கிறார்கள்.

இதற்காகவே சில வண்டிகளில் மூக்கைத் தூக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் முன்பக்கம் மூன்று நான்கு சென்டிமீட்டர் எழும்பும், வேகம் கூடியதும் தானே இறங்கிவிடும். பொத்தான் எங்கே என்று பச்சை ஜாக்கெட் பையனுக்கு யார் சொன்னது? பொத்தானை விடுங்கள், வண்டியைக் கிளப்புவதே புதிர்தான். போர்ஷே 911-இல் ஸ்டியரிங்குக்குக் கதவுப் பக்கமாகச் சாவி போடுவது வெகுகால வழக்கமாக இருந்தது. லம்போர்கினியில் ஸ்டார்ட் பொத்தானைச் சிவப்பு மூடிக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பல ஃபெராரிகளில், நிறுத்துவதற்கான 'பி' என்ற கியரே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள இரண்டு துடுப்புகளையும் சேர்த்து இழுத்தால் நியூட்ரல். ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவன் கைக்கு இதில் எதுவும் தட்டுப்படாது. தேடித் தடவும் நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்பதில்தான் ஆபத்து.

பழகாதவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்பதைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் நான்கு வீதிகளைச் சுற்றுகின்றன. தேருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. சக்கரத்தடியில் செருகும் முட்டுக்கட்டைதான் இரண்டும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து நான் சாமியைப் பார்த்த நேரத்தைவிட, கீழ வீதி முனையில் கட்டையோடு குனிந்திருந்தவரைப் பார்த்த நேரம் அதிகம். வடத்தை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கட்டையை மட்டும், அந்த வேலையைக் கற்றவர் கையில்தான் கொடுப்பார்கள்.

மறுபடி காருக்கு வருவோம். அதில் எனக்குப் பிடித்த விசித்திரம் சாவிதான். சட்டைப் பையில் இருந்தாலே போதும் என்கிற புதுச் சாவியைச் சொல்கிறேன். கதவைத் தொட்டதும் வண்டி மெல்லிய வானொலி அலையில் 'யாரங்கே?' என்று கேட்கும். சாவிக்குள் இருக்கும் சில்லு ரகசிய எண்ணைப் பதிலாகச் சொல்லும். பதில் சரியென்றால் கதவு திறக்கும், எஞ்சின் கிளம்பும். கிளம்பிய பிறகு சாவி வெளியே போய்விட்டால்? 'பீப்' என்று கத்தும், அவ்வளவுதான். எஞ்சின் நிற்காது. நெடுஞ்சாலையில் சாவியின் பேட்டரி தீர்ந்து, ஓடுகிற வண்டி நடுவழியில் நின்றால் உயிர் போகுமே என்று வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் இதை முழுதாக அனுபவித்தவர். ஓடுகிற வண்டியிலிருந்து மனைவியைச் சிதம்பரம் மேல வீதியில் இறக்கிவிட்டுக் கடலூருக்குப் புறப்பட்டார். சாவி அந்த அம்மாள் கைப்பையில். 'பீப்' சத்தத்தை சீட் பெல்ட் என்று நினைத்துக்கொண்டு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டி வந்து, திருப்பாதிரிப்புலியூரில் காபி குடிக்க அணைத்தார். வண்டி அங்கேயே படுத்துவிட்டது. அம்மாள் பஸ் பிடித்துச் சாவியோடு வந்து சேர்ந்தபோது என்ன பேசினார் என்பதை நண்பர் இதுவரை முழுதாகச் சொல்லவில்லை. மண்டப வாசலிலும் இதேதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க நீங்கள் இறங்கினால், சாவி உங்கள் பையில் இருந்தாலும் வண்டி போய்விடும். சாவியும் வண்டிக்குள்ளேயே இருந்தால் கேட்கவே வேண்டாம். உட்கார்ந்திருப்பது பையனா திருடனா என்று வண்டி பார்ப்பதில்லை.

இந்தத் தொல்லைக்குப் பழைய மருந்து ஒன்று இருந்தது. ஜப்பானியக் கார்கள் சிலவற்றோடு சாம்பல் நிறத் தலை வைத்த கூடுதல் சாவி வரும். கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பும், டிக்கியைத் திறக்காது. வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் ஆளிடம், அதாவது வேலட்டிடம், கொடுக்கும் வேலட் சாவி அது. புது வண்டிகள் சிலவற்றில் அதற்குப் பதில் வேலட் மோடு வந்து, எஞ்சினின் பலத்தையோ வேகத்தையோ கட்டிவிடுகிறது. அமெரிக்காவின் கார்வெட் இன்னும் ஒரு படி மேலே போனது. 2015 மாடலில், ஓட்டுகிறவரின் வேகம், போன வழி, உள்ளே பேசிய பேச்சு எல்லாவற்றையும் பதிவு செய்யும் வசதி வைத்தார்கள். சம்மதமில்லாமல் பேச்சைப் பதிவு செய்வது அங்கே சில மாநிலங்களில் குற்றம். அதனால் மென்பொருளைத் திருத்தும்வரை அந்த வசதியைத் தொடாதீர்கள் என்று கம்பெனியே வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. கூலிக்கு வண்டி நிறுத்தும் பையனை ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கும் புத்தி எனக்கும் பிடிக்கவில்லை.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு விடை சொன்னது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல, ஒரு மாருதி ஜென். 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் விருந்தினர் ஒருவர் சாவியை வேலட்டிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நள்ளிரவு ஒரு மணி வாக்கில் திரும்பி வந்தால் வண்டி இல்லை. வேறு காரில் வந்த மூன்று இளைஞர்களில் ஒருவன் மேசையிலிருந்த ஜென் சாவியை எடுத்துக்கொண்டு, தடுத்த காவலாளியையும் மீறி ஓட்டிப் போய்விட்டான். இன்சூரன்ஸ் கம்பெனி 2.80 லட்சம் ரூபாய் கொடுத்துவிட்டு, வண்டிக்காரரோடு சேர்ந்து ஹோட்டல்மேல் வழக்குப் போட்டது. டோக்கனிலேயே 'விருந்தினர் பொறுப்பு' என்று அச்சிட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டால் வண்டி உன் காவலில் வந்துவிட்டது, வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும், முடியாவிட்டால் கவனக்குறைவு இல்லை என்று நீதான் காட்ட வேண்டும், உன் ஆட்களின் கவனக்குறைவை அச்சிட்ட வரி மூடிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151-ஆவது பிரிவும், பிறர் பொருளைச் சொந்தப் பொருளைப் போல் கவனி என்றுதான் சொல்கிறது. கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கும் பாட்டிக்கு இது எந்தச் சட்டமும் படிக்காமலே தெரியும்.

பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முகூர்த்த நாளில் மட்டும் கூப்பிடுகிறார்கள். ஒரு ஜாக்கெட், ஒரு வேளைச் சாப்பாடு, கொஞ்சம் கூலி. லைசென்ஸ் இருக்கிறதா என்று மண்டபம் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதில் நமக்கும் ஆபத்து உண்டு. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கும் உரிமையாளர்மேல் மோட்டார் வாகனச் சட்டம் பாயும். மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பூ அலங்காரத்துக்கு லட்சம் செலவழிப்பவர்கள், இரண்டு தேர்ந்த டிரைவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் ஐயாவுக்கு: உங்கள் மருமகன்மேலும் கொஞ்சம் தப்பு உண்டு. தாழ்ந்த வண்டி வைத்திருப்பவர் தானே நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். மற்றபடி அந்தப் பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். மண்டபத்துக்குப் பணம் கட்டியது பெண்வீட்டார் என்றாலும், அவர்கள் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்றவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கல்யாணத்தன்று போட்டிருந்த சட்டையை வெளுக்கப் போடும் முன் பையைத் துழாவச் சொல்லுங்கள். அந்த டோக்கன் வேண்டும்.