குளிர் மாதங்களில் மிரளும் குதிரை

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாத இரவுகளில் உறைபனி பெய்வதுண்டு. இக்காலத்தில் சவாரிக் குதிரைகள் சில சிறு ஓசைக்கும் மிரண்டு துள்ளும்; அதனால் ஆளுக்கும் குதிரைக்கும் ஊறு நேரலாம்.

குளிருக்கென்று தானியத்தைக் கூட்டி, வேலையின்றி இலாயத்திலேயே கட்டிவைப்பது இதற்கு முக்கிய காரணமாகும். உண்மையில் உடற்சூட்டைப் பேணப் புல்லே சிறந்தது. அது பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகின்றது.

குதிரை வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

1. வேலை குறையும் நாளிலேயே தானியத்தையும் குறைத்தல் வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ உலர்ந்த புல் கொடுக்கலாம்.

2. நாள்தோறும் வெளியில் உலவவிடுக. சவாரிக்கு முன் 10 நிமிடமாவது கையிற் பிடித்து நடத்துக.

3. தனக்கு நேர் பின்னே நிற்பதைக் குதிரை காணாது. ஆகையால் முதலிற் குரல் கொடுத்து, தோட்பக்கமாக அணுகுக.

4. மிரண்ட குதிரையை அடித்தலாகாது. அடி அச்சத்தையே வளர்க்கும். அஞ்சிய பொருளைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கவிடுக.

அமைதியான குதிரை திடீரெனக் குணம் மாறின், பல், கண், முதுகு ஆகியவற்றில் நோவு இருத்தல் கூடும். தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக.