சாளர மரப் பூச்சு

சாளர மரப் பூச்சு என்பது புதிதாகப் பொருத்தப்பட்ட சாளரங்களின் (யன்னல்களின்) மரப் பகுதிகளுக்கு வர்ணம் பூசிப் பாதுகாக்கும் முறையாகும். மழை படாத உட்புற மரத்துக்குப் பூச்சு அழகுக்காக மட்டுமே எனக் கருதப்படுவதுண்டு. ஆனால் மரம் ஈரப்பதத்தை ஏற்கும் வேகத்தைக் குறைப்பதே அதன் முதன்மைப் பணியாகும்.

மரமும் ஈரப்பதமும்

மரம் காற்றிலுள்ள நீராவியை ஏற்கும்போது விரிகிறது; உலரும்போது சுருங்குகிறது. இம்மாற்றம் இழையின் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் மிகுதியாகவும் இருக்கும். மழைக்காலத்தில் சாளரக் கதவுகள் இறுகிக்கொள்வது இதனாலேயே. வெளிப்புறம் மட்டும் பூசப்பட்டால், இரு பக்கங்களும் வெவ்வேறு வேகத்தில் ஈரத்தை ஏற்பதால் கதவு வளையக்கூடும். இழைகள் வெட்டுப்பட்ட முனைகளே ஈரத்தை மிக விரைவாக உறிஞ்சும். கதவின் மேல், கீழ் விளிம்புகளில் அமையும் இம்முனைகள் கண்ணில் படாததால் பூசப்படாமல் விடப்படுவதுண்டு.

செயல்முறை

1. மரம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான மரத்தில் பூசினால் பூச்சு கொப்புளித்து உரியும்.
2. உப்புத்தாளால் இழையின் போக்கில் தேய்த்துத் தூசி துடைக்கப்படும்.
3. பிசின் கசியும் கணுக்களின் மேல் அரக்குக் கரைசல் பூசப்படும்.
4. வெட்டு முனைகள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் அடிப்பூச்சு (பிரைமர்) இடப்படும்.
5. ஆணித் துளைகளும் வெடிப்புகளும் மக்கு வைத்து அடைக்கப்பட்டு, மீண்டும் தேய்க்கப்படும்.
6. எனாமல் போன்ற மேற்பூச்சு மெல்லியதாக இரு முறை பூசப்படும்.

கீல்களிலும் இரப்பர்ப் பட்டைகளிலும் வர்ணம் படக்கூடாது. எண்ணெய் சார்ந்த எனாமல் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்தே இறுகுகிறது. தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றினாலும் உட்புறம் இறுகப் பல நாட்கள் ஆகலாம். அதற்குள் கதவை அழுத்தி மூடினால் அது சட்டத்துடன் ஒட்டிக்கொள்ளும்.

குளிர் நாடுகளில் அறையின் நீராவி கண்ணாடியின் உட்புறத்தில் நீராகப் படிந்து கீழ்ச்சட்டத்தில் வழிகிறது. ஆகவே கண்ணாடியின் மேலும் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூச்சு படியவிடப்பட்டு, மரமும் கண்ணாடியும் சேரும் இடுக்கு மூடப்படுகிறது.

ஈய ஆபத்து

பழைய நிலைச்சட்டத்தில் புதிய கதவு பொருத்தப்படும்போது, சட்டத்தின் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்நிலையில் தேய்க்கும்போது எழும் தூசு சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐக்கிய அமெரிக்கா 1978 இல் வீட்டு வர்ணங்களில் ஈயப் பயன்பாட்டைத் தடை செய்தது. இந்தியாவில் 2016 இல் வெளியான விதிகள், வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவை பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகாமல் வரையறுத்தன. இவை 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் பூசப்பட்ட சட்டங்களை ஈரப்படுத்தித் தேய்ப்பதும், தூசியை ஈரத்துணியால் துடைத்து அகற்றுவதும், பணி முடியும்வரை குழந்தைகளை விலக்கி வைப்பதும் அவசியம்.