கணக்குக் கேளுங்கள், கையைக் கட்டாதீர்!
வெளிநாட்டு நன்கொடைக்குக் கணக்கு வேண்டும் என்கிறது டில்லி. வேண்டாமென்று நாமா சொன்னோம்? வாங்கியவன் காசு காசாகக் காட்டட்டும்!

ஆனால் தோழர்களே, 2020 செப்டம்பரில் திருத்திய சட்டம் செய்ததென்ன? நன்கொடை பெற்ற பெரிய நிறுவனம், அதில் ஒரு பங்கைச் சிற்றூர்ச் சங்கத்துக்குப் பிரித்துக் கொடுத்து வந்தது. அதுவும் அதே சட்டப்படி அரசிடம் அனுமதி பெற்ற சங்கத்துக்கே! அந்த வழியை 7-ஆம் பிரிவு அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவின் வரம்பும் நூற்றுக்கு 50-லிருந்து 20 ஆயிற்று. கணக்கெழுதும் செலவும் அந்த 20-க்குள்தான். கணக்குக் கேட்பவர்களே கணக்கப்பிள்ளையின் கூலியில் கை வைக்கிறார்கள், என்னே விந்தை!

2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் இந்தத் தடை செல்லும் என்றது. வெள்ள இரவில் படகோடு முதலில் வருபவன் பக்கத்துக் குப்பத்துச் சங்கத்தான். அவன் சங்கத்துக்கு ஒரு மூட்டை அரிசி வாங்க அந்த நன்கொடையிலிருந்து பணம் அனுப்பினாலும் இன்று சட்டமீறல்!