ஐந்து முறை இரண்டாம் இடம், பிறகு முதலிடம்!
தச்சுத் தொழிலாளி சைக்கிள் வீரரான கதை

'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. மூன்று வார காலம் 3 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மலைகளும் ஏற வேண்டும். இதில் 16 முறை கலந்துகொண்டு, 16 முறையும் கடைசி வரை ஓட்டி முடித்தவர் யோப் சூட்டமெல்க்.

ஹாலந்து நாட்டுக்காரர். 1946-ல் பிறந்தவர். இளமையில் தச்சு வேலை பார்த்தார். 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், நால்வர் கொண்ட குழுப் போட்டியில் தங்கம் வென்றார். பிறகு தொழில்முறை வீரரானார்.

நிழலில் ஓடியவர்

1970, 1971 ஆகிய ஆண்டுகளில் டூர் பந்தயத்தில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. இரு முறையும் முந்தியவர் பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ். "மெர்க்ஸின் நிழலிலேயே ஓட்டியதால் சூட்டமெல்க் மீது வெயிலே படவில்லை" என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

1974-ல் ஒரு பந்தயத்தின்போது கார் மீது மோதினார். மண்டை ஓடு உடைந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. பின்னர் மூளைச்சவ்வுக் காய்ச்சலும் தாக்கியது. ஆனாலும் 1975-ல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் வென்றார்.

1976, 1978, 1979-லும் டூரில் இரண்டாம் இடம்தான். ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கி, 1979-ல் 10 நிமிட நேரத் தண்டனையும் பெற்றார். அவர் வாழ்க்கையில் அது ஒரு கறை.

கிடைத்தது மஞ்சள் சட்டை

1980-ம் ஆண்டு டூரில் முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ முழங்கால் வலியால் விலகினார். முன்னணி வீரருக்குரிய மஞ்சள் சட்டை சூட்டமெல்க்குக்கு வந்தது. மறுநாள் அதை அணிய மறுத்துவிட்டார். ஈனோவுக்கு அவர் காட்டிய மரியாதை அது. இறுதியில் வெற்றி அவருக்கே. அப்போது வயது 33.

1982-ல் ஆறாவது முறையாக இரண்டாம் இடம் பெற்றார்.

38 வயதில் உலகச் சாம்பியன்

1985-ல் இத்தாலியில் உலகச் சாம்பியன் போட்டி. 38 வயதுக்காரரை யாரும் பொருட்படுத்தவில்லை. முடிவுக் கோடு நெருங்கியபோது திடீரென்று பாய்ந்து முன்னேறினார். மற்றவர்கள், "நீ துரத்து, நான் துரத்து" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கோட்டைத் தாண்டிவிட்டார்! அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் இரண்டாவதாக வந்தார்.

1987-ல், 40 வயதில், சொந்த நாட்டின் ஆம்ஸ்டெல் கோல்ட் பந்தயத்தையும் வென்றார். அந்த ஆண்டே ஓய்வு பெற்றார். பிரான்சில் மோ நகரில் ஹோட்டலும் நடத்தினார்.

எத்தனை முறை முந்தினார் என்பதைவிட, ஒரு டூரிலும் பாதியில் இறங்கவில்லை என்பதே அவரது பெருமை.