உலாவி திறக்க மறுத்தால்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. ஆதலின் சிங்கப்பூரில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் தம் கணினியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொள்ள நேரிடலாம். லிட்டில் இந்தியாவை அடுத்த சிம் லிம் சதுக்கம் கணினிக் கடைகளுக்குப் பெயர் பெற்ற இடமாகும்.

புதிய தளத்தை ஏற்றியபின், அதனுடன் வரும் 'எட்ஜ்' உலாவி சில வேளைகளில் திறவாது. இணையத்தின் வாயிலே உலாவி. அஃது அடைபட்டால் பாடமும் சேமநிதிக் கணக்கும் எட்டா. அதற்காக அனைத்தையும் அழித்து மீண்டும் ஏற்ற முற்படலாகாது. படங்களும் ஆவணங்களும் அழியக்கூடும். பால் வழியும் தகடு அடைபட்டால் நாம் மரத்தையா வெட்டுகிறோம்?

முதலில் கணினியை அணைத்து மீண்டும் இயக்குக. பயனில்லையெனில், இணைய இணைப்புடன், 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்', பின் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்பவற்றைத் திறக்கவும். எட்ஜ் பெயருக்கு எதிரேயுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'மோடிபை', பின் 'ரிப்பேர்' என்பவற்றைத் தேர்க. உலாவி புதிதாக நிறுவப்படும். அதில் சேமித்த குறிப்புகள் அழியா.

திரையில் திடீரெனத் தோன்றும் தொலைபேசி எண்ணை மட்டும் அழைக்க வேண்டா, அது மோசடியாகும். சிங்கப்பூரில் 2020 முதல் மின்னிலக்கத் தூதர்கள் முதியோர்க்கு இத்தகைய பழக்கங்களைக் கட்டணமின்றிக் கற்பித்து வந்துள்ளனர். அறிந்தவர் அறியாதவர்க்கு உரைப்பது நம் கடமையன்றோ!