எண்களால் இயங்கும் வானொலி

வானொலிப் பெட்டியைக் கேட்பதற்கு மட்டுமே நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தியிருக்கிறோம். கேட்கவும், மறுமொழி கூறவும் வல்ல வானொலியைத் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொண்டு, முகமறியாத அயல்நாட்டாரோடு உரையாடுவோரும் உளர். அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்ற இவர்களை 'ஹாம்' என்று அழைப்பர். இஃது ஊதியம் கருதாத பணி. 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் ஓய்ந்தபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் வந்து தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணியும் அவர்தம் குழுவினரும் ஹாம் கருவிகள் வழியே செய்திகளைத் தாய்நிலத்திற்கு அனுப்பி உதவினர். வீட்டு மேசையில் அமரும் ஒரு சிறு பெட்டியின் மதிப்பு அன்று பலருக்கும் விளங்கியது.

அலைகளை ஏற்கவும் பரப்பவும் ஒருங்கே பயன்படும் அப்பெட்டிக்கு டிரான்சீவர் என்று பெயர். வெளிநாட்டுத் தயாரிப்புகளின் விலையோ நடுத்தரக் குடும்பத்தார்க்கு எட்டாதது. இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் குறிப்பிடத்தக்கவர். 2003ஆம் ஆண்டில் 'பிட்எக்ஸ்' என்னும் சுற்றுப்படத்தை வெளியிட்டார். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏறத்தாழ 6 வாட் ஆற்றலில் பேசவல்ல கருவி அது. தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் உதிரிப் பாகங்களே பெரும்பாலும் போதுமானவை. சுருள் சுற்றுவதற்குரிய சிறப்பு வளையங்கள் எளிதில் கிட்டா என்பதால், தண்ணீர்க் குழாயில் கசிவைத் தடுக்கப் போடும் வாஷரின்மேல் கம்பியைச் சுற்றிக்கொள்ளுமாறு வழி கூறினார்! ஏழைக்கேற்ற இந்த யுக்தியை மேலை நாட்டு ஹாம்களும் விரும்பி மேற்கொண்டனர் என்பது சுவையான செய்தி. பின்னாளில் இவ்வரிசைக் கருவிகள் பலகைகளாக விற்பனைக்கு வந்தபோது, சுருள் சுற்றும் நுண்பணியைப் பெண்கள் ஏற்றுச் செய்தனர்.

2020களின் தொடக்கத்தில் அவரே வெளியிட்ட 'எஸ்பிட்எக்ஸ்' என்னும் கருவி வேறொரு பாதையில் செல்கிறது. இதில் வானொலியின் பெரும்பகுதி மின்சுற்றாக இல்லை, மென்பொருளாக இருக்கிறது.

இக்கருத்து புதியதன்று. 'மென்பொருள் வானொலி' என்னும் சொல்லை 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் மிட்டோலா பரப்பினார். 2002இல் ஜெரால்டு யங்பிளட் என்பவர், கணிப்பொறியின் ஒலி அட்டையைக் கொண்டே ஹாம் வானொலி அமைக்கலாம் என்பதைத் தொடர் கட்டுரைகளால் விளக்கினார்.

அஃது எங்ஙனம் இயலும்? ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் ஆயிரமாயிரம் அலைகள் வந்து மோதுகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டிய குரலைப் பிரிப்பதே வானொலியின் வேலை. பழைய கருவிகள் சுருளையும் மின்தேக்கியையும் படிகத்தையும் சல்லடையாகக் கொண்டு இதனைச் செய்தன. எஸ்பிட்எக்ஸிலோ வந்த அலை முதலில் 40 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்த்தப்பெறுகிறது. அங்கே ஒரு படிகச் சல்லடை சுமார் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள துண்டை மட்டும் விட்டு, ஏனையவற்றைத் தடுக்கிறது. அத்துண்டு 24 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கப்பட்டு, விநாடிக்கு 96,000 முறை அளக்கப்படுகிறது. அதன்பின் அலை என்று ஏதும் இல்லை, எண்களின் வரிசைதான்.

அவ்வெண்களை ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணிப்பொறி ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறையால் அலைவெண் வாரியாகப் பிரிக்கிறது. வேண்டிய பகுதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சுழியமாக்கிவிட்டால் சல்லடை ஆயிற்று! ஒற்றைப் பக்கப் பட்டையில் பேசும் குரலுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் அகலம் போதும். எனவே அருகருகே பேசும் எட்டுப் பேரின் அலைகளைத் திரையில் ஒருசேரக் காணலாம். விரலால் தொட்டு ஒருவரைத் தேர்ந்து கேட்கலாம். நாம் பேசும்போது இவையனைத்தும் தலைகீழாக நடைபெறுகின்றன. சல்லடையை அகலமாக்க வேண்டுமெனில் பழைய கருவியில் படிகங்களையே மாற்ற வேண்டும். இதிலோ ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

'கணிப்பொறியே எல்லாம் செய்துவிடுமாயின், நாமே செய்தோம் என்று எவ்வாறு கூறுவது?' என மூத்த ஹாம்கள் சிலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயத்த மென்பொருளை ஏற்றி, ஆயத்தப் பலகையைப் பெட்டியில் பொருத்துவது கடையில் வாங்குவதற்கு ஒப்பானதே. ஆனால் இக்கருவியின் சுற்றுப்படமும் மென்பொருளும் எவரும் படித்துத் திருத்தும் வண்ணம் வெளியிடப்பட்டுள்ளன. அதனைத் திறந்து, ஒரு வரியை மாற்றி, செவியில் விழும் ஒலி எவ்வாறு மாறுகிறது என்று சோதிப்பவர், சுருளைச் சுற்றியவருக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர் என்பதே நம் கருத்து.

கைவேலையும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கணிப்பொறியே ஓயாத இரைச்சலை எழுப்புவது. அஃது ஏற்பியினுள் புகாமல் மறைப்பும் நல்ல நிலத்தொடர்பும் வேண்டும். ஆற்றல் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள் சூடேறும். அவற்றை வெப்பம் கடத்தும் அலுமினியத் துண்டில் இறுகப் பொருத்த வேண்டும். யாவற்றினும் முதன்மையானது ஆன்டெனாவுக்கு முன் அமையும் வடிகட்டி. 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவி 14இலும் 21இலும் தன் எதிரொலியை வீசவல்லது. எந்த மென்பொருளும் அதனைத் தடுக்காது. செம்மையாகச் சுற்றிய சுருளே தடுக்கும். இல்லையேல் நம் பேச்சு பிறர் பேச்சினுள் புகுந்து இடையூறு விளைக்கும்.

ஆகவே கருவி முடிந்தவுடன் ஆன்டெனாவில் இணைத்துவிடலாகாது. முதலில் அதன் முழு ஆற்றலையும் தாங்கவல்ல 50 ஓம் மின்தடையை இணைத்து, அலையை வெளியே விடாமலேயே ஆற்றலையும் தூய்மையையும் அளந்து பார்க்க வேண்டும்.  உரிமத் தேர்வும் எட்டாக் கனியன்று. 12 வயது நிரம்பிய பிள்ளைகளும் உரிமம் பெற இந்தியாவின் 1978ஆம் ஆண்டு விதிகளிலேயே இடமளிக்கப்பட்டது. ஓம் விதி, அலைவெண், உரையாடல் முறை ஆகியவற்றை ஓராண்டு பொறுமையாகப் பயின்றால், கருவியும் உரிமமும் ஒரே காலத்தில் கைகூடும்.