வீடு கட்டும் அங்கத்தினர்களுக்குச் சில யோசனைகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்னும் பழமொழியை அறியாத குடித்தனக்காரர் இல்லை. இவ்விரண்டு காரியங்களிலும் முதலில் போட்ட மதிப்புக்குள் செலவு நிற்பதில்லை என்பதே அதன் கருத்து. சங்கத்தில் கடன் பெற்று வீடு கட்டத் தொடங்கும் அங்கத்தினர்களுள் அநேகர், நிலை வைக்கும் நல்ல நாளிலேயே சித்திர வேலைப்பாடுள்ள தேக்கங்கதவுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, கூரை போடும் சமயத்தில் மறுகடனுக்கு அலைகின்றனர். பிறர் கண்ணில் படும் பாகங்களுக்குத் தாராளமாகவும், மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் மறைந்து நிற்கும் பாகங்களுக்குச் சிக்கனமாகவும் செலவு செய்வதே இதற்குக் காரணம்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு சாமானையும் வாங்குமுன், "வீட்டை இடிக்காமல் இதைப் பிற்பாடு மாற்ற முடியுமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாற்ற முடியாததாயின் இப்பொழுதே உயர்ந்ததை வாங்குக. மாற்றக் கூடியதாயின் இப்போதைக்குச் சாதாரணமானது போதும்.

கடைக்காலும் தளமட்டமும்

காவிரிப் பாசனப் பிரதேசத்தில் வீட்டுக்குப் பகைவர் மூவர்: கீழிருந்து ஏறும் ஈரம், மேலிருந்து பெய்யும் மழை, கடலிலிருந்து வரும் புயற்காற்று. 1924-ஆம் வருஷத்துக் காவிரி வெள்ளத்தையும், நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய 1952, 1977-ஆம் வருஷங்களின் புயல்களையும் முதியோர் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரணியத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயலையோ நேரில் கண்டவர்களே அநேகர்.

நமது வயல்களின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வாய் பிளக்கும் இயல்புடையது. வயலைத் தூர்த்து மனையாக்கிய இடத்தில் இரண்டடி மாத்திரம் தோண்டிக் கட்டிய சுவர், மூன்றாவது கோடையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பதன் காரணம் இதுவே. ஆதலின், கோடையில் நிலத்தில் காணும் வெடிப்பு எவ்வளவு ஆழம் செல்கிறதோ அதற்கும் கீழே கடைக்கால் இறங்க வேண்டும். மண் மிகவும் இளக்கமாயிருந்தால், ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் பரிசோதித்துப் பரவச் செய்த, அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற காங்கிரீட்டுத் தூண் முறையைப் பற்றி எஞ்சினீயரைக் கேட்டறிவது நலம்.

தெருவில் வெள்ளம் அதிகமாக நின்ற அளவைப் பெரியோரிடம் விசாரித்து, அதற்கு மேல் குறைந்தது ஒன்றரை அடி உயரத்தில் தளமட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர் படியேறிச் செல்லும்படி திண்ணையை உயர்த்திக் கட்டியது அழகுக்காக மாத்திரமன்று. தளமட்டத்தில் சுவரின் முழு அகலத்துக்கும் ஒன்றரை அங்குலக் கனத்தில் ஈரந்தடுக்கும் சிமெண்டுக் காங்கிரீட்டுப் பட்டை இட வேண்டும். இதற்காகும் செலவு சொற்பம். ஆனால் சுவர் எழும்பிய பின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதை முன்போல் செய்ய இயலாது.

செங்கல், மணல், தண்ணீர்

"ஆயிரம் கல் இன்ன விலை" என்பதை மாத்திரம் பார்த்துச் செங்கல் வாங்குதல் கூடாது. 23 சென்டிமீட்டர் நீளமும் 11 அகலமும் 7½ கனமும் உள்ள கல்லைக் காட்டிலும், 21 நீளமும் 10 அகலமும் 7 கனமும் உள்ள கல் பருமனில் நூற்றுக்குச் சுமார் 22 பங்கு குறைந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிறிய கல்லில் எண்ணிக்கையும் கூடும், கலவையும் கூடும், கொத்தனார் கூலியும் கூடும். ஆகவே அளவுகோலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

நன்றாக வெந்த கல் இரண்டை மோதினால் வெண்கலம்போல் ஓசை எழும்; நகத்தால் கீறினால் தழும்பு விழாது; மூன்றடி உயரத்திலிருந்து போட்டால் உடையாது. உலர்ந்த கல்லை நிறுத்து, ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து மறுபடி நிறுத்தால், எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறலாகாது.

மணலைச் சோதிக்கக் கண்ணாடிப் புட்டி ஒன்று போதும். பாதியளவு மணலிட்டு, நீர் விட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாது வைத்தால், மணலின் மேல் வண்டல் தனியே படியும். அது நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேற்பட்டால் கழுவாமல் உபயோகிக்கக் கூடாது. ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டையும் கழுவிச் சலித்ததாகப் பார்த்து வாங்கலாம். கடற்கரை மணலை மாத்திரம் இனாமாகக் கிடைத்தாலும் தொடலாகாது.

கடைமடைப் பகுதியார் தண்ணீர் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதையாயிருத்தல் அவசியம். நாகப்பட்டினம், வேதாரணியம் பக்கங்களில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. கம்பி வைத்த காங்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு என்னும் உப்புச்சத்து இருத்தலாகாதென்று இந்தியத் தர விதி கூறுகிறது. உப்பு நீரில் குழைத்த காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில வருஷங்களில் மேல்தளத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். சிமெண்டு மூட்டையில் அச்சிட்ட மாதத்தைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்டதை விலக்குங்கள். காங்கிரீட்டை ஏழு நாளும், சாம்பற்கலப்புள்ள சிமெண்டாயின் பத்து நாளும் ஈரம் உலராமல் காத்தல் வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரைப் பழுது பார்ப்போர் அதன்மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சுப் பூசுவது தவறு. உள்ளே ஏறிய ஈரம் வெளிவர வழியின்றிப் பூச்சைத் தள்ளிவிடும். அங்கே சுண்ணாம்புப் பூச்சே தகுந்தது.

மரமும் கூரையும்

தேக்கு உயர்ந்ததே, ஆயினும் எல்லாவற்றுக்கும் அது வேண்டியதில்லை. மழை படும் வாசல் நிலைக்குத் தேக்கு வைத்து, உள்ளறைகளுக்கு வைரம் பாய்ந்த வேம்பு, பூவரசு, பலா இவற்றை உபயோகிக்கலாம். மரம் நன்றாக உலர்ந்திருத்தலே முக்கியம். பச்சை மரத்தில் செய்த கதவு ஐப்பசியில் மூடாது, சித்திரையில் இடைவெளி விடும்.

ஓட்டுக் கூரைக்கு முதிர்ந்த பனங்கைகள் இன்றும் நல்லவை. ஆனால் கூரை காற்றில் எழும்புவது பெரும்பாலும் ஓட்டின் குற்றமன்று, கட்டின் குற்றமே. கைமரத்தை உத்திரத்தோடும், உத்திரத்தைச் சுவரோடும் இரும்புப் பட்டையாலோ திருகாணியாலோ பிணைத்தல் வேண்டும். இறவாரத்தை நீளமாக விட்டால் அதன் அடியில் காற்றுப் புகுந்து கூரையைத் தூக்கும். தகரம் போடுவோர் ஓரத்து வரிசைகளில் கொக்கிகளை நெருக்கமாக முடுக்குக.

கதவுப் பூட்டு, குழாய், கழிப்பிடம்

கீல், தாழ்ப்பாள், கொண்டி, தண்ணீர்க் குழாய், தரைக்கல் ஆகியவை பிற்பாடு மாற்றக் கூடியவை. கடற்காற்றுப் படும் ஊர்களில் இரும்புக் கீல்களுக்குப் பதிலாகப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கீல்களை வாங்குவது ஒன்றே இவற்றுள் கட்டாயம். சுவருக்குள் புதையும் குழாயும் மின்சாரக் கம்பியும் மாத்திரம் மறைந்த பாகங்களைச் சேர்ந்தவை. அவற்றில் மலிவு தேடாதீர்கள்.

கழிப்பிடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்கட்டும். நமது ஊர்களில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குழியின் அளவுக்கே ஏறிவிடுவதால், இடம் பார்த்துக் குழி தோண்டுவது குடும்பத்தின் ஆரோக்கியத்தைப் பொறுத்த காரியம்.

கடனும் கணக்கும்

அலங்காரத்துக்காக அதிகப்படியாக ஒரு லட்ச ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு நூற்றுக்கு 9 வீதம் வட்டி, 10 வருஷத் தவணை என்றால், மாதந்தோறும் சுமார் 1,267 ரூபாய் செலுத்த வேண்டும். முடிவில் கட்டும் தொகை சுமார் 1,52,000 ரூபாய். அதாவது தேக்கங்கதவின் பேரில் பாதிக் கதவு வட்டியாகவே போகிறது. குறுவை பொய்த்த வருஷத்திலும் அந்தத் தவணை நிற்காது.

ஒரே பருவத்தில் வீடு கட்டும் அங்கத்தினர் நாலைந்து பேர் கூடிச் செங்கல்லையும் கம்பியையும் மொத்தமாகப் பேசி வாங்கினால், விலையும் குறையும், எடையையும் அளவையும் சோதிக்க ஒருவருக்கொருவர் துணையும் கிடைக்கும். கடன் தொகையைக் கடைக்கால், சுவர், கூரை, பூச்சு எனப் பகுத்து எழுதிக்கொண்டு, கூரைக்கான பணத்தை வேறெதற்கும் தொடுவதில்லை என்று வைராக்கியம் கொள்ளுங்கள். தரை வெறும் சிமெண்டாயிருந்தாலும் கதவு சாதாரணமாயிருந்தாலும், கடைக்காலும் கூரையும் உறுதியாயுள்ள வீட்டில் குடும்பம் அச்சமின்றி மழைக்காலத்தைக் கழிக்கலாம். அலங்காரத்தை வரும் சம்பா அறுவடைகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்க்கும்.